கிடங்குகளில் 'கவனக்குறைவு' யாருடையது?

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மோதித் தொழிலாளி ஒருவர் இறந்தால், நிர்வாகத்தின் வாயில் முதலில் வரும் சொல் 'கவனக்குறைவு'. ஓட்டியவருடையது, இல்லையேல், நடந்து சென்றவருடையது. இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.

வண்டியின் இயல்பைப் பார்ப்போம். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே ஏறத்தாழ நான்கு டன். அது திரும்புவது பின்சக்கரங்களால். ஆகவே வளையும்போது பின்பகுதி வெளிப்புறமாக வீசி, அருகில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கிவிடும். முன்னே சுமை உயர்ந்திருந்தால் எதிரே வருபவர் ஓட்டுநருக்குத் தெரியார். மின்கலத்தில் ஓடும் வண்டியாயின் ஓசையும் குறைவு. இத்தகைய வண்டியையும் மனிதரையும் ஒரே பாதையில் விட்டுவிட்டு, 'கவனம்' என்று பலகை மாட்டுவது பாதுகாப்பு ஆகாது. தரையில் இழுத்த மஞ்சள் கோடும் நான்கு டன்னை நிறுத்தாது. நடப்போருக்குத் தனி வாசல், உறுதியான இரும்புத் தடுப்பு, லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தில் வண்டி இயங்கும்வரை ஆள் நுழையாத ஒழுங்கு, வண்டிகள் நின்ற பிறகே கூட்டிப் பெருக்கும் நேரம்: இவையே உயிர் காப்பவை. இவற்றுக்குப் பணமும் இடமும் வேண்டும், பலகைக்கு வேண்டியதில்லை.

அத்தளத்தில் நடப்பவர் யார்? பெருக்குவோர், சுமை இறக்குவோர், பெட்டி அடுக்குவோர். ஒரகடமாயினும் ஸ்ரீபெரும்புதூராயினும் இவ்வேலைகள் ஒப்பந்தக்காரர் வழியே யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. ஓட்டுநருக்கேனும் பயிற்சி உண்டு. நேற்று வந்து துடைப்பம் பிடித்தவருக்கு வண்டியின் பின்புறம் வீசும் என்று யார் சொன்னார்?

சட்டம் இவ்விடத்தில் நிர்வாகத்தின் சொல்லுக்குத் துணை நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தக்காரர் வழி வந்தவரையும் 'தொழிலாளி' என்றே வரையறுத்தது. அவரது பாதுகாப்பை ஆலையை நடத்துபவரின் கடமையாக்கியது 7ஏ பிரிவு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கும் காரணமே அன்று. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்றவையே விதிவிலக்குகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவையும் செல்லா. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்நெறியை மாற்றவில்லை. இறந்தவர் ஈஎஸ்ஐ காப்பீட்டுக்கு உட்பட்டவராயின், குடும்பத்துக்குரிய உதவித்தொகை அங்கிருந்து வரும்.

ஆகவே விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும் தோழர்கள், இறந்தவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. தடுப்பு இருந்ததா, அவருக்கென நடைபாதை இருந்ததா, அந்நேரத்தில் அங்கே பெருக்கச் சொன்னவர் யார் எனக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் அன்றைக்கே, மறுநாள் அங்கே புதிய தடுப்பு முளைத்திருக்கக்கூடும்.