மொட்டை மாடிக்குக் கீழே ஒரு தூளி

அகமதாபாத்தில் வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்குத் தெரியும், மேல் தளத்து வீட்டுக்கு வாடகை குறைவு. லிஃப்ட் இல்லையென்றால் இன்னும் குறைவு. "மே மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம்" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இது சிக்கனமே அல்ல.

அமெரிக்காவில் 1969 முதல் 1977 வரை பிறந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரின் வருமானத்தை, பிறந்த இடத்தின் வெப்பப் பதிவோடு ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர்கள் மூவர் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருவிலிருந்தபோதோ முதல் வயதிலோ, இரவு பகல் சராசரி 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும், முப்பது வயதில் ஆண்டு வருமானம் 0.1 சதவீதம் குறைந்திருந்தது. அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் இங்கே மே மாதத்தில் பகலில் 42, இரவில் 27 என்பது சர்வசாதாரணம். அவர்களுக்கு அபூர்வமான நாள் நமக்கு ஒரு மாதம் முழுக்க! அதற்காக அக்கணக்கை அப்படியே நமக்குப் பெருக்கிவிடவும் கூடாது. உடம்பின் பழக்கம் வேறு, வீடுகள் வேறு. ஏசி பரவிய பகுதிகளில் இந்த இழப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டதாகவும் அக்கட்டுரை சொல்கிறது.

ஏசிக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2010 மே மாதம் இந்நகரில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த மாதம் அது. அப்போது இங்குள்ள ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு உச்சித் தளத்தில் இருந்தது. பின்னர் அதைக் கீழே மாற்றினார்கள். வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்கு வரும் சிசுக்கள் இதனால் 64 சதவீதம் குறைந்ததாக மருத்துவர்களின் ஆய்வு மதிப்பிட்டது. இயந்திரம் எதுவும் வாங்கவில்லை, மாடிதான் மாறியது.

பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பினால் ஆயிற்று என்பவர்கள், அது வேலூரா ஊட்டியா என்று யோசிக்கவும். பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும்: கோடையில் குழந்தைக்குக் குல்லாயும் கம்பளியும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வீட்டில் சூடு தணியும்.

எங்கள் கட்டடத்தில் மேல் தளத்துத் தம்பதி, பகல் நேரத் தூளியைத் தரைத் தளத்துக் குஜராத்தி வீட்டில் கட்டியிருக்கிறார்கள். ஆட்டிவிடுவது அந்த வீட்டுப் பாட்டி. தாலாட்டு குஜராத்தியில்தான், குழந்தை நன்றாகத் தூங்குகிறது.