காதும் கணக்கும் – 7: மூன்றா, ஐந்தா?

சென்ற வாரம் டெசிபல் மீட்டரை எங்கே வைத்து, எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். எண் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு மனிதரை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? இங்கேதான் இரண்டு கணக்குகள் மோதுகின்றன.

ஒரு விசைத்தறி தனியாக ஓடும்போது மீட்டர் 90 டெசிபல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதேபோல இன்னொரு தறியையும் ஓட்டினால் 180 ஆகாது, 93 தான் ஆகும். ஒலியின் ஆற்றல் இரு மடங்கானால் மீட்டரில் ஏறுவது வெறும் 3. அப்படியானால் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் வேலை நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998-ல் இந்தக் கணக்கையே பரிந்துரைத்தது. 85 டெசிபலில் 8 மணி நேரம், 88-ல் 4 மணி நேரம், 100-ல் 15 நிமிடம்.

அதே அமெரிக்காவின் தொழிற்சாலைச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. 90-ல் தொடங்கி, 5 டெசிபலுக்கு ஒருமுறை நேரத்தைப் பாதியாக்குகிறது. அதன்படி 100 டெசிபலில் ஒருவர் 2 மணி நேரம் நிற்கலாம். விட்டு விட்டு வரும் சத்தத்தில் காதுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நிற்காமல் ஓடும் எந்திரத்துக்கு அது துளியும் பொருந்தாது. தினம் 8 மணி நேரம் 90 டெசிபலில் 40 ஆண்டுகள் வேலை செய்தால், நான்கில் ஒருவருக்கு அந்தச் சத்தத்தாலேயே செவித்திறன் கெடும் என்பது நையோஷின் மதிப்பீடு. 85 டெசிபலில் அது நூற்றுக்கு 8 பேர்.

நமது தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகளும் 90-ல் தொடங்கும் அந்த 5 டெசிபல் அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டன. சோமனூரிலோ குமாரபாளையத்திலோ ஒரு தறிப்பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். நாடா ஓடும் பழைய தறிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் சத்தம் 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். ஷிப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம். 5 கணக்கில் இது அனுமதித்ததைப் போல 6 மடங்கு. 3 கணக்கில் 48 மடங்கு! அங்கே வேலை செய்பவர்கள் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்கிறார்கள். முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகள். அதனால் பேசுவது காதில் விழும், என்ன சொன்னார்கள் என்பது விளங்காது. உள்காதின் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்கு 85 டெசிபல், 3 கணக்கு என்ற கடுமையான அளவையே வைத்திருக்கிறது. ராணுவத்துக்கு அது வேண்டும்தான். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், ஜெட் கிளம்பும் இடத்துக்கு அருகே, சத்தம் 150 டெசிபலை எட்டக்கூடும். காதடைப்பானையும் அதன்மேல் காதுக் கவசத்தையும் சேர்த்துப் போட்டால் சுமார் 35 குறையும். மிஞ்சுவது 115. அதற்கு 3 கணக்கு கொடுக்கும் நேரம் ஒரு நாளைக்கு 28 வினாடி! காதை இன்னும் இறுக்கி அடைத்தும் பெரிய பலனில்லை. மண்டையோடு வழியாகவே ஒலி உள்காதுக்குப் போய்விடுகிறது.

ஆகவே காதடைப்பானை விநியோகித்துவிட்டுக் கடமை முடிந்தது என்பதை என்னால் ஏற்க முடியாது. சத்தம் பிறக்கும் இடத்தில்தான் கை வைக்க வேண்டும். தறியில் அது நாடாவை அடித்துத் தள்ளும் அந்த அடி. நாடா இல்லாத ரேப்பியர் தறியிலும் சத்தம் உண்டு, ஆனால் அந்த அடி இல்லை. கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு உரிமையாளரால் தனியாக ரேப்பியர் தறிக்கு விலை கொடுக்க முடியாது. தறி நவீனமாக்கலுக்கு மானியம் தரும் அரசு, உற்பத்தியைப் பார்ப்பதுபோல டெசிபலையும் பார்த்துத் தரட்டும். விதியில் இருக்கும் 5-ஐ 3 ஆக்கட்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உங்கள் பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் சத்தம் 85-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மீட்டரை வரவழைத்து அளந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் செவிப் பரிசோதனை செய்யுங்கள்.

(தொடரும்)