சோளத்துக்கு எருவா, யூரியாவா?

அனுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களில் விளையும் சோளத்தில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்கே போகிறது. ஆகவே விளைச்சல் விழுந்தால் விவசாயி மட்டும் விழுவதில்லை. தீவன வியாபாரி, பண்ணைக்காரர், உரத்தைக் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் எல்லோருக்கும் அடி விழுகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அது நீக்கப்படுவதற்கு இடையில் இந்தப் பாடத்தை நாம் நன்றாகவே படித்துக்கொண்டோம்.

அதன் பிறகு ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. சேதனப் பசளை என்றாலே ஏமாற்று என்கிறது ஒன்று. யூரியா மண்ணைக் கொல்லும் நஞ்சு என்கிறது மற்றது. நான் சரக்கு வாங்கி விற்பவன். எனக்குக் கட்சி இல்லை, கணக்குத்தான் உண்டு.

50 கிலோ யூரியா மூடையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஒரு ஏக்கரில் 2 தொன் சோளம் விளைந்தால் மணியோடு மட்டும் ஏறக்குறைய 30 கிலோ நைதரசன் வெளியேறுகிறது. தட்டைக்கும் இலைக்கும் வேறு வேண்டும். நூற்றுக்கு ஒன்றரை வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவைக் கொண்டு ஒரு மூடை யூரியாவை ஈடுசெய்ய ஒன்றரைத் தொன் எரு தேவை. அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். லொறிக் கூலியையும் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் எரு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கடைக்கு முதலும் தேவை, கைக்காசும் தேவை அல்லவா? எரு மண்ணின் முதல். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும், வேரை ஆழமாக இறங்க விடும். யூரியா கைக்காசு. உடனே செலவாகும், கவனிக்காவிட்டால் வீணாகும். ஈரமண்ணின் மேல் தூவிவிட்டுப் போனால் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். பெருமழை வந்தால் இன்னொரு பகுதி அடியில் கழுவுண்டு போகும். ஆபிரிக்க நாடுகளில் சோளத்தில் செய்த பல பரிசோதனைகளிலும், இரண்டையும் சேர்த்து இட்ட வயல்களே தனித்தனியாக இட்டவற்றை விடப் பொதுவாகக் கூடுதலாக விளைந்தன.

சேர்ப்பதிலும் முறை உண்டு. நன்கு மக்கிய எருவை விதைப்புக்கு முன்னரே மண்ணோடு கலந்துவிட வேண்டும். பச்சைக் கோழி எரு நாற்றைக் கருக்கிவிடும். மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் போட்டால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், சிறு பங்கை விதைப்போடும் பெரும் பங்கை ஒரு மாதமளவில் பயிர் முழங்கால் உயரம் வரும்போதும் இட்டு, மண்ணால் மூட வேண்டும். சாம்பலையும் சுண்ணாம்பையும் யூரியாவோடு கலக்கவே கூடாது. அளவை உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் நமக்கும் வியாபாரம் இருக்கிறது. சோளம் தின்ற கோழியின் எருவே சோளத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். பண்ணையில் அள்ளி வீசப்படுவதை மக்கவைத்து, உலர்த்தி, மூடை கட்டினால் அது சரக்கு. ஆனால் ஒன்று: ஈர எருவை நிறைக்கு வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். விற்பவர் உலர்த்திக் கொடுத்தால் அடுத்த போகமும் அதே வாடிக்கையாளர் வருவார்.

பெரும்போகத்துக்கு உரம் கடன் கொடுக்கும் சகோதரர்களே, எத்தனை மூடை யூரியா வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை லோட் எரு போட்டீர்கள் என்றும் கேளுங்கள். கடன் திரும்பி வருமா என்பதற்கு அந்தப் பதிலிலும் ஒரு அடையாளம் இருக்கும்.