பச்சைப் பொட்டலமும் மீன் வாடையும்

திரையைக் கொஞ்சம் விலக்குங்கள், மெதுவாக! தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. ரோடு நெடுக எத்தனை மகளிர் கிளினிக்! டோக்கன் வாங்கும்போது யாரும் வாய் திறக்காத சங்கதி, கதவு சாத்தியதும் மெல்ல வெளியே வரும். "வெள்ளைப்படுது டாக்டர். உடம்பு சூடுன்னு அத்தை சொன்னாங்க. வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சேன், நிக்கல."

பாவம், சூடு. செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதுதான் மாட்டிக்கொள்கிறது. அசல் ஆட்டமோ பின்கட்டு லேப்பில், ஒரு கண்ணாடி ஸ்லைடின் மேல் நடக்கிறது. வாருங்கள், அங்கேயே போவோம்.

முதலில் ஒரு துண்டு பிஎச் காகிதம். 4.5-ஐத் தாண்டினால் புருவம் உயரும். அடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. குப்பென்று மீன் வாடை! இந்த ஒரு சோதனைக்குக் கருவியே மூக்குதான். கடைசியாக மைக்ரோஸ்கோப். பாக்டீரியா அப்பிக்கிடக்கும் செல்கள், ரவையில் புரட்டிய வாழைக்காய்த் துண்டுகளாட்டம், ஓரமே தெரியாமல் மிதக்கும். 'க்ளூ செல்' என்பது அதுதான். இவற்றோடு ஒரே சீரான, தண்ணீர் போன்ற கசிவையும் சேர்த்தால் 4 அடையாளங்கள். 3 இருந்தாலே 'பாக்டீரியல் வஜினோசிஸ்'. ஆம்செல் என்ற ஆய்வாளரின் குழு 1983-ல் வகுத்த இந்தக் கணக்குக்கு லட்ச ரூபாய் மெஷின் எதுவும் வேண்டாம்.

உள்ளே நடந்தது ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு. லாக்டிக் அமிலம் சுரந்து காவல் காத்த லாக்டோபேசில்லஸ் குறைந்துபோக, கார்ட்னரெல்லாவும் கூட்டாளிகளும் இடம் பிடித்துவிட்டன. அழுக்கால் வருவதல்ல இது. உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் நிலைமை மோசமாகும். பூஞ்சையும் அல்ல. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய பூஞ்சை க்ரீம் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, மருந்து மேடைக்கு வருவோம். மூத்த நட்சத்திரம் மெட்ரோனிடசோல். சீட்டைப் பார்த்ததுமே கேள்வி வரும்: "இது பேதி மாத்திரைல்ல? எனக்கு வயிறு நல்லாத்தானே இருக்கு?" நியாயமான சந்தேகம்! இந்த மாத்திரையின் ஜாதகமே அப்படி. டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை ஒழிக்கப் பிறந்தது. 1962-ல் இங்கிலாந்தில் அதற்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளையும் இது அடிக்கும் என்ற குட்டு அப்படித்தான் வெளிப்பட்டது. கார்ட்னரெல்லாவின் கூட்டாளிகளும் அந்த ரகம்தான்.

2012-ல் வெளியான ஆய்வில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இதற்கும் இதன் உறவு மருந்துகளுக்கும் ஒரு பந்தயமே வைத்துவிட்டார்கள். 344 பெண்கள், 4 மருந்துகள், எல்லாமே ஒரே வேளை டோஸ். நாலாவது வாரக் கணக்கில் டினிடசோலும் ஆர்னிடசோலும் தலா 97.7 சதவீதம் பேரைக் குணமாக்கின. செக்னிடசோல் 80.2. நம் மூத்த நட்சத்திரமோ 77.9-ல் கடைசி! அவசரப்பட்டு விசில் அடிக்காதீர்கள், மெட்ரோனிடசோலுக்கு ஒரே வேளை ஓட்டம் ஒத்துவராது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2021 வழிகாட்டுதல் அதற்கு 7 நாள் கொடுக்கிறது: 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. நாக்கில் இரும்புச் சுவை தட்டும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். மாத்திரை வேண்டாமென்றால் அதே மருந்தின் ஜெல் 5 நாள், அல்லது கிளின்டமைசின் க்ரீம் 7 இரவு. க்ரீமில் எண்ணெய் இருப்பதால் ஆணுறை பலவீனமாகும். டாக்டர் சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுரக்ஷா கிளினிக்குக்குள்ளும் ஒரு எட்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் திட்டத்தில் 7 நிறப் பொட்டலங்கள், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. உள்ளே செக்னிடசோல் 2 கிராம், கூடவே பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். மைக்ரோஸ்கோப் இல்லாத ஊரில், மறுபடி வருவாரா என்று தெரியாத பெண்ணுக்கு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் தெருவுக்கு ஒரு லேப் இருக்கும் தாம்பரத்தில் ஸ்லைடைப் பார்க்காமலே மருந்து எழுதுவது சோம்பேறித்தனம் என்பேன்.

இருங்கள், கிளைமாக்ஸ் பாக்கி. எந்த மருந்து ஜெயித்தாலும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் இது திரும்பி வந்துவிடுகிறது. ஏன்? துணைவரிடமிருந்தே திரும்புகிறதோ என்று பார்க்க, 2025-ல் வெளியான ஆய்வில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் அவரையும் இழுத்து உட்கார வைத்தார்கள். ஆண்களுக்கும் 7 நாள் மாத்திரை, தடவிக்கொள்ள கிளின்டமைசின் க்ரீம். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இருவருக்கும் கொடுத்தபோது 35. வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"அவருக்குத்தான் ஒண்ணுமே இல்லையே டாக்டர்?"

இல்லைதான். இருந்தாலும், வாசலில் பைக் மேல் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கும் அந்த மனுஷனுக்கும் ஒரு டோக்கன் போடச் சொல்லுங்கள்.