உங்களுக்குத் தெரியுமா? அதிபரை மிஞ்சிய மனைவியர்

அமெரிக்க அதிபரின் மனைவியை ‘முதல் பெண்மணி’ என்கிறார்கள். அந்நாட்டு அரசியல் சாசனத்தில் அப்படியொரு பதவியே இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் கணவரை மிஞ்சிய செல்வாக்கு சிலருக்கு வாய்த்தது. எப்படி?

● 1886இல் அதிபர் குரோவர் கிளீவ்லேண்டை வெள்ளை மாளிகையிலேயே மணந்தபோது பிரான்சஸுக்கு வயது 21. நாடே அவர்மீது மோகம் கொண்டது. அனுமதி கேட்காமலேயே பல வியாபாரிகள் அவர் படத்தை விளம்பரங்களில் போட்டார்கள். இதைத் தடுக்க 1888இல் நாடாளுமன்றமான காங்கிரசில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

● எலினார் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய பத்திரிகையாளர் சந்திப்புகளில் பெண் நிருபர்களுக்கு மட்டுமே இடம். அவர் தரும் செய்தி வேண்டுமானால், பத்திரிகைகள் ஒரு பெண்ணை வேலையில் வைத்திருந்தே ஆகவேண்டும்! பொருளாதாரம் படுத்துக்கிடந்த அந்த நாட்களில் பல பெண்களின் வேலை இதனால் பிழைத்தது.

● 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் தன் அரங்கைத் தர மறுத்தது, ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ அமைப்பு. அதில் உறுப்பினராக இருந்த எலினார் உடனே விலகினார். நிறவெறி வேரோடியிருந்த காலத்திலும், காலப் கருத்துக்கணிப்பில் 67 சதவீதம் பேர் அவர் செய்தது சரி என்றார்கள்.

● 1962 பிப்ரவரி 14 அன்று ஜாக்குலின் கென்னடி, தாம் புதுப்பித்த வெள்ளை மாளிகையைத் தொலைக்காட்சியில் சுற்றிக் காட்டினார். பல கோடிப் பேர் பார்த்தார்கள். சிறப்பு எம்மி விருதும் கிடைத்தது.

● 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடிமை உரிமைகள் சட்டம் தென் மாநில வெள்ளையர்களைக் கொதிக்க வைத்தது. அந்த அக்டோபரில் அவர் மனைவி லேடி பேர்ட், 4 நாட்களில் 8 மாநிலங்களை ரயிலில் கடந்து, ஊர் ஊராகக் கணவருக்காகப் பேசினார். எதிர்ப்புக் கோஷங்கள் எழுந்தும் பயணத்தை நிறுத்தவில்லை.

● 1994இல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்காக ஹிலாரி கிளின்டன் உழைத்தபோது அவர் செல்வாக்கு சரிந்தது. 1998 டிசம்பரில், அதிபரான கணவரின் தகாத உறவு அம்பலமாகிக் குடும்பமே சந்தி சிரித்த நேரத்தில், கருத்துக்கணிப்பில் அது 67 சதவீதத்துக்கு உயர்ந்தது! உழைப்புக்குத் தராத மதிப்பை ஒரு பெண்ணின் வேதனைக்குத் தருவது வருந்தத்தக்கது.

● மார்பகப் புற்றுநோயை வாய்விட்டுச் சொல்லவே பெண்கள் கூசிய காலம் அது. 1974 செப்டம்பரில், அதிபர் மனைவியாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெட்டி ஃபோர்டு, தமக்கு நடந்த மார்பக அறுவை சிகிச்சையை நாடறியச் செய்தார். பரிசோதனைக்குப் பெண்கள் திரண்டார்கள். துணை அதிபராக முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்பெல்லரின் மனைவி ஹேப்பியும் தம்மைத் தாமே சோதித்துக் கட்டியைக் கண்டறிந்தார். சில வாரங்களில் அவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. புகழ் உயிர் காக்கவும் உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.