கைமுதல் கரையாமல் சிறுதொழில் நடத்துவது எப்படி?

நிலத்தை இழந்த ஒரு குடும்பத்தின் கையில் மொத்தமாக ஒரு தொகை வந்து சேரும் காலம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். அது நட்டஈடாக இருக்கலாம், நிவாரணமாக இருக்கலாம், காதில் கிடந்த தோட்டை விற்ற காசாகவும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டாம் முறை வராது. பன்வில, வத்தேகம, தெல்தெனிய பக்கத்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. 1980களின் முற்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின் மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தபோது, மீண்டும் பல குடும்பங்கள் வீட்டையும் காணியையும் விட்டு வெளியேற நேர்ந்தது.

இப்படி வந்தவர்களிடம் இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், பலருடைய பதில் "ஒரு சின்னக் கடை போடலாம்" என்பதுதான். கடை போடுவதில் தவறில்லை. ஆனால் மண்ணோடு பழகியவருக்குக் கடையின் காசு ஒரு மயக்கத்தைத் தரும். விவசாயிக்கு வரவு போகத்துக்கு ஒரு முறை. அறுவடைக் காசு அவருடைய காசு. கடனைக் கொடுத்தபின் மிஞ்சியதைச் செலவழிக்கலாம். கடையில் தினமும் லாச்சியில் காசு விழுகிறது. அந்தக் காசில் மிகப் பெரும் பகுதி நாளைக்குச் சாமான் வாங்க வேண்டிய காசு. நூறு ரூபாவுக்கு விற்றால் எட்டு ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டு ரூபாதான் உங்களுடையது. மற்ற 92 ரூபாவும் அரிசியாக, சீனியாக, சவர்க்காரமாக மறுபடி தட்டுக்கு வர வேண்டும்.

இதனால் நாம் எல்லோருக்கும் முதலில் சொல்வது, ஒரு கொப்பி வாங்குங்கள் என்பதே. பெரிய கணக்கியல் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கத்தில் அன்று வந்த காசு, எதிர்ப்பக்கத்தில் அன்று போன காசு. மூன்றாவதாக ஒரு வரியில், வீட்டுக்கு எடுத்த சாமான். இந்த மூன்றாவது வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. காலையில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கற், மத்தியானம் பருப்பு, விருந்தாளி வந்தால் பால்மா. கடை நம்முடையது தானே என்று எடுப்போம். மாத முடிவில் தட்டு வெறுமையாக இருக்கும், களவு போனதோ என்று சந்தேகம் வரும். வீட்டுக்கு எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுங்கள், விலையோடு எழுதுங்கள். நான்கு கிழமை எழுதினால், கடை குடும்பத்தைத் தாங்குகிறதா, குடும்பம் கடையைத் தின்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கடன் கொப்பி. தோட்டப் பகுதியில் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது; சம்பளம் போடும் வரை அடுப்பு எரிய வேண்டுமே. அதிலும் நீங்கள் புதிதாக வந்து குடியேறிய ஊரில், முகம் முறிக்கவும் மனம் வராது. இருந்தும் கணக்கைப் பாருங்கள். 1,000 ரூபாக் கடன் ஒன்று திரும்பாமல் போனால், அதில் உங்கள் கொள்முதல் 920 ரூபா. அதை மீட்க, நூற்றுக்கு எட்டு இலாபத்தில், 11,500 ரூபாவுக்கு வேறு சாமான் விற்க வேண்டும். ஆகவே கடனுக்கு ஓர் எல்லையை முதல் நாளிலேயே வையுங்கள்: ஒரு வீட்டுக்கு இவ்வளவு, மொத்தமாகக் கைமுதலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பழைய கடனில் பாதியாவது வந்தபின்தான் புதுக்கடன். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் கோபம் குறையும். கடன் எழுதும்போது வாங்குபவர் முன்னாலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள்.

விலை ஏறும் காலத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2022 செப்டெம்பரில் நாட்டில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அப்போது பழைய விலைக்கு வாங்கிய சாமானைப் பழைய விலைக்கே விற்றவர், அதே காசில் அரைவாசிச் சாமானைக்கூடச் சில வேளை வாங்க முடியாமல் நின்றார். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். விலை அச்சிடாத சாமான்களில், மறுபடி வாங்க என்ன விலையாகும் என்பதைப் பார்த்தே விலை வைக்க வேண்டும்.

ஒரே லயத்தில் மூன்று கடை இருக்கும் இடத்தில் நான்காவதைப் போடுவதைவிட, உங்களுக்குத் தெரிந்த தொழிலோடு ஒட்டிய வியாபாரத்தைப் பார்ப்பது நல்லது என்பது எமது அபிப்பிராயம். பன்வில பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் நிறைய உண்டு. எந்தக் கொடி நன்றாகக் காய்க்கும், எந்தக் காய் முற்றியது என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை மிளகை வாங்கிக் காயவைத்து விற்பது சிறிய முதலில் தொடங்கக்கூடியது. ஆனால் இதில் இலாபமும் நட்டமும் காய்ச்சலில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ. விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காகப் பச்சை கிலோ 500 ரூபா, காய்ந்தது 1,700 ரூபா என்று வைப்போம். 60 கிலோ பச்சைக்கு 30,000 ரூபா முதல். விறகு, சாக்கு, பஸ் எல்லாம் 1,200 ரூபா. 20 கிலோ தேறினால் 34,000 ரூபா வரும். மிச்சம் 2,800 ரூபா. பிஞ்சு கலந்திருந்து, அல்லது மழையில் பூஞ்சணம் பிடித்துக் கழித்ததால் 18 கிலோதான் தேறியது என்றால் 30,600 ரூபா. அப்போது 600 ரூபா நட்டம். இரண்டு கிலோவில் எல்லாம் தலைகீழாகிறது. 2,800 ரூபா மிஞ்சினாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அத்தனை நாளும் வேலைக்குப் போயிருந்தால் எத்தனை பேர் விழுந்திருக்கும்? உழைப்புக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்காத கணக்கு முழுக்கணக்கல்ல.

ஆகவே வாங்கும்போதே பிஞ்சைத் தள்ளுங்கள். காம்பு நீக்கிய மிளகை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், சீக்கிரமும் காயும். சுத்தமான படங்கில் போடுங்கள். தார் வீதியில் காயவிட்டால் மண்ணும் கிருமியும் சேரும். ஈரம் 12 வீதமளவுக்கு இறங்க வேண்டும். பல்லில் வைத்தால் பட்டென்று உடைவது ஓரளவுக்கு அடையாளம். நல்ல வியாபாரிகள் ஒரு லீற்றர் மிளகின் நிறையைப் பார்ப்பார்கள். 500 கிராமுக்கு மேல் நின்றால் பேரம் பேச உங்களுக்குத் தைரியம் வரும். கொண்டுபோகும் முன் வத்தேகமவிலும் மாத்தளையிலும் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். காய்ச்சும் முறைகளுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கேட்கலாம்; திணைக்களத்தின் மிளகு ஆராய்ச்சி மாத்தளையில் நடக்கிறது. ஒன்று மறக்க வேண்டாம்: யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பெயரோடு எழுதி வையுங்கள். இரவில் சாக்கோடு வருபவரிடம் மலிவாக வாங்கினால், காலையில் பொலிஸ் உங்களிடம்தான் வரும்.

முதல் போதாதபோது கடன்காரர் வீடு தேடி வருவார். "வருடத்துக்கு 24 வீதம்தான்" என்பார். 50,000 ரூபா எடுத்து, முழுத் தொகைக்கும் வட்டி போட்டு, 12 மாதத்தில் 62,000 ரூபாவாகக் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். மாதா மாதம் முதலும் குறைந்துகொண்டு வருகிறது; வட்டி மட்டும் குறையவில்லை. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். மிளகுக் காசு வருவது பருவத்தில், தவணை கேட்பது கிழமைக்குக் கிழமை. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போய், 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறுகடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கடன் எடுக்குமுன் "வட்டி முழுத்தொகைக்கா, மீதிக்கா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கு மாற்று வழி இந்த மண்ணிலேயே பழையது. இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906 இல் இதே தும்பறைப் பகுதியில்தான் தொடங்கப்பட்டது; கூட்டுறவுச் சட்டம் அதற்குப் பின்னர், 1911 இல் வந்தது. பின்னாளில் சோர்ந்துபோன அந்தச் சங்கங்களை 1978 முதல் பி. ஏ. கிரிவந்தெனிய சணச இயக்கமாக மீண்டும் எழுப்பினார். ஒருவரையொருவர் தெரிந்த பத்துப் பேர் கிழமைக்கு 200 ரூபா சேர்த்தாலும் ஒரு வருடத்தில் ஒரு லட்சத்து 4,000 ரூபா. ஆறு மாதம் சேமித்தபின் கடன் கொடுக்கத் தொடங்குங்கள். கணக்குக் கொப்பி ஒருவரிடமும் பணப்பெட்டிச் சாவி வேறொருவரிடமும் இருக்கட்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மீதியை வாசியுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னுமொன்று. தற்காலிகமாக இருக்கும் காணியில் சீமெந்துக் கடை கட்ட வேண்டாம். பலகையும் தகரமும் என்றால் கழற்றிக்கொண்டு போகலாம். மலைச்சரிவானால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். கடைக்குப் பெயர் வைத்து நடத்துவதானால் வியாபாரப் பெயர்ப் பதிவும் அங்கேதான். அடையாள அட்டை மண்ணோடு போயிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமிருந்து அந்த வேலையைத் தொடங்க வேண்டும். எந்த வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவை என்று பிரதேச சபையில் கேளுங்கள். தராசு வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தராசானால் முத்திரையிடும் நாளை விசாரித்துக் கொண்டுபோய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.