ஒரே ஒரு சிடி, ஒரே ஒரு வாய்ப்பு!

குட்டீஸ்! வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் திடீரென மக்கர் பண்ணுகிறது. சுவிட்சைப் போட்டால் வெறும் கறுப்புத் திரை! உள்ளேயோ அக்கா கல்யாணப் படங்கள், தாத்தா - பாட்டி படங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டு இருக்கின்றன. வேறு எங்கும் பிரதி இல்லை. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன செய்வது?

ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்து, விண்டோஸ் மட்டும் கெட்டுப்போயிருந்தால் கவலை வேண்டாம். ஒரு வெற்று சிடி போதும், படங்களை மீட்டுவிடலாம். சிடியிலிருந்தே முழு கம்ப்யூட்டரையும் இயக்கும் லினக்ஸ் வகைகள் உண்டு. அவற்றுக்கு 'லைவ் சிடி' என்று பெயர். 2000-ல் ஜெர்மனியிலிருந்து வந்த 'நாப்பிக்ஸ்' இதில் ரொம்பப் பிரபலம். 'உபுண்டு' லினக்ஸ்காரர்கள் 2011 வரை, கேட்டவர்களுக்கு எல்லாம் காசே வாங்காமல் தபாலில் சிடி அனுப்பி வைத்தார்கள். இப்போது நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இணையத்திலிருந்து இறக்கினால், பெயரின் கடைசியில் 'ஐஎஸ்ஓ' என்று முடியும் ஒரே ஒரு ஃபைல் வரும். இதுதான் 'டிஸ்க் இமேஜ்'. அதாவது, ஒரு சிடியின் முழு அச்சு! இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். பாட்டு ஃபைலைப் போடுவதுபோல, இந்த ஃபைலையும் மவுஸால் இழுத்து சிடியில் போட்டுவிடுவார்கள். சிடி எழுதி முடியும். ஆனால் கம்ப்யூட்டர் அதைச் சீண்டக்கூடப் பார்க்காது.

ஏன் தெரியுமா? ஒரு சிடி என்பது சின்னச் சின்ன அறைகள் கொண்ட பெரிய சத்திரம் மாதிரி. ஒவ்வொரு அறையிலும் 2,048 பைட் தகவல் தங்கலாம். 80 நிமிட சிடியில் மொத்தம் 3,60,000 அறைகள்! பூஜ்யத்திலிருந்து எண்ணினால், முதல் 16 அறைகள் தனியாக ஒதுக்கி விடப்பட்டவை. 16-ம் எண் அறையில் சிடியின் பெயர், விவரங்கள் இருக்கும். 17-ம் எண் அறையில்தான் ரகசியம்! 'என்னை வைத்து கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். அதற்கான வேலை இந்த அறையில் ஆரம்பிக்கிறது' என்கிற குறிப்பு அங்கே இருக்கும். கம்ப்யூட்டர் நேராக அந்த அறைக்குப் போய்த்தான் எட்டிப் பார்க்கும்.

ஐஎஸ்ஓ ஃபைலுக்குள் இந்த அறைகள் எல்லாம் அதே வரிசையில் இருக்கின்றன. 'இமேஜ்' ஆக எழுதினால், ஒவ்வொன்றும் சிடியில் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். சும்மா இழுத்துப் போட்டால், மொத்தச் சத்திரத்தையும் மடித்துப் பெட்டியில் கட்டி, வேறு ஏதோ அறைகளில் வைத்த கதைதான். 17-ல் அந்தக் குறிப்பு இருக்காது!

இந்த 17-ம் அறை ஏற்பாட்டை 1995-ல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து வகுத்தன. அதன் பெயர் 'எல் டொரிட்டோ'. அமெரிக்காவில் அதே பெயருள்ள ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே யோசித்ததால் இந்தப் பெயராம். வயிறு நிறைந்தால் மூளையும் வேலை செய்யும் போலிருக்கிறது!

சரி, எழுதும்போது சிடிக்குள் என்ன நடக்கிறது? வெற்று சிடியின் பிளாஸ்டிக்குக்கு மேல் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, அதன் தன்மையை மாற்றிவிடும். சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும். சுடாத இடம் பளிச்சென்று திருப்பும். அவ்வளவுதான், எழுத்து! இந்தத் தடம் நடுவிலிருந்து ஆரம்பித்து, கொசுவர்த்திச் சுருள் மாதிரி வெளியே சுற்றிக்கொண்டு போகும். நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல்! ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சுமார் 40 சுற்றுகள் அடங்கிவிடும்.

சுட்ட சாயம் பழையபடி ஆகாது. 'சிடி-ஆர்' என்று போட்டிருந்தால் தப்பாக எழுதியதை அழிக்கவே முடியாது. மாடித் தோட்டத்தில் காக்கை விரட்டக் கட்டித் தொங்கவிடலாம்!

ஆகவே நிதானம் தேவை. வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டரில், சிடி எழுதும் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் 700 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். உபுண்டு 2012-லேயே அந்த அளவைத் தாண்டிவிட்டது; 'டைனி கோர்' போன்ற குட்டி லினக்ஸ்கள் இன்றும் தாராளமாக அடங்கும். ஃபைல் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டினால், விண்டோஸ் 7 முதல் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்ற வரி இருக்கிறது. (விண்டோஸ் 11-ல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கும்.) 'வெரிஃபை' கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். எழுதியதை ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிடும். வேகம் 16எக்ஸ் என்றால், முழு சிடிக்கே சுமார் 5 நிமிடம்தான்.

முடிந்ததும் சிடியின் மேல் பக்கம் பால் பாயின்ட் பேனாவால் பெயர் எழுதாதீர்கள்! தகவல் இருப்பது கீழே அல்ல, மேல் பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியில்தான். மெத்தென்ற மார்க்கர் போதும்.

இனி அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பழுதான கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு ஆன் செய்யுங்கள். சிடியிலிருந்து தொடங்காவிட்டால், ஆன் செய்தவுடன் எஃப்12 மாதிரி ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். எந்தப் பொத்தான் என்று திரையிலேயே ஒரு வினாடி காட்டும். லினக்ஸ் வந்ததும் 'இன்ஸ்டால்' என்ற பட்டன் தென்பட்டால், அதன் பக்கமே போகாதீர்கள். அது ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து, கல்யாணப் படங்களையும் சேர்த்தே அழித்துவிடலாம். படங்கள் உள்ள ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, பென் டிரைவில் காப்பி எடுங்கள்.

காப்பி ஆகும் நேரத்தில் ஒரு விளையாட்டு! நீங்கள் எழுதிய வேறு ஒரு சிடியை எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் மட்டும் லேசாக நிறம் மாறித் தெரிகிறதா? லேசர் சுட்ட இடம் அதுவரைதான்!